மூன்றாவது உறை

“அந்தக் கைப்பையைக் கொஞ்சம் கீழ வெச்சிட்டுத்தான் காபியைக் குடியேன் சின்னு. யாரும் தூக்கிட்டு ஓடிட மாட்டாங்க” என்றாள் அண்ணி.

சின்னு பையை மடியிலிருந்து எடுக்கவில்லை. காபியை மட்டும் எடுத்தாள். வாய் பொசுங்கியது. அதைக்கூட அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

மாடியிலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. கண்ணாடி முன்னால் நின்று பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். “மதிப்புக்குரிய உறுப்பினர்களே” என்று ஒரு தரம் கனமாகச் சொன்னான். பிடிக்கவில்லை போலும். “அன்பு நண்பர்களே” என்று மாற்றிச் சொன்னான்.

“விடிஞ்சதுலேர்ந்து இதே கூத்துதான். ஜெயிக்கறதுக்கு முன்னாடியே நன்றி சொல்லிட்டிருக்கார்” என்று அண்ணி சிரித்தாள். சிரித்த முகம் உடனே சுருங்கியது. “ஆனா ரெண்டு வாரமா மனுஷன் சரியாத் தூங்கலை. புரண்டு புரண்டு படுக்கறார். என்னன்னு கேட்டா, எலெக்‌ஷன் டென்ஷன்ங்கறார். உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?”

“இல்ல அண்ணி.”

அது பொய்யில்லை. அண்ணன் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அவளும் அண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேஜையில், இரண்டு நாளாக இருவரும் வானிலை பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னுவுக்கும் அவள் அண்ணனுக்கும் ஒரே தொழில். கொலை நடந்த இடத்தில் கிடந்த காலித் தோட்டா எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது, பூட்டை நெம்பிய தடம் எந்தக் கம்பியுடையது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துச் சொல்கிற ஆய்வாளர்கள். அண்ணன் இந்த ஊர் அரசு ஆய்வுக்கூடத்தில். அவள் வேறு ஊரில். இந்தத் தொழில்காரர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அதன் ஆண்டுக் கூட்டம் இன்று. சாயங்காலம் தலைவர் தேர்தல், அண்ணன் நிற்கிறான். கூட்டத்துக்கு வந்த தங்கை வழக்கம்போல அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறாள்.

சந்தேகத்துக்குரிய வழக்குகளில் நீதிமன்றம் இந்தச் சங்கத்தின் கருத்தைக் கேட்பதுண்டு. அதற்கு ஒரு கறாரான வழக்கம். மூன்று ஆய்வாளர்களுக்குப் பொருள்கள் போகும். யாருடைய வழக்கு, எந்த ஊர், முதலில் பரிசோதித்தது யார், எதுவும் சொல்லமாட்டார்கள். வெறும் எண்கள்தான், ஒன்றாம் எண் எப்போதும் சந்தேகத்துக்குரிய ஆளுடையது. மூவரும் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாக எழுதி, உறையில் ஒட்டிச் செயலாளரிடம் தரவேண்டும். மூன்றும் வந்து சேர்ந்தால்தான் பிரிப்பார்கள். அதுவரை யாரும் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது.

இரண்டு உறைகள் வந்துவிட்டன. மூன்றாவதுதான் சின்னுவின் மடியில் இருந்தது.

அவள் கண்ணால் கண்டதை நேர்மையாக எழுதி முடித்துவிட்டாள். முடித்துவிட்டுக் காலித் தோட்டாவைப் பெட்டிக்குள் வைக்கும்போதுதான் அதன் வாய்ப்பக்கம் வெளிச்சத்தில் தெரிந்தது. பரிசோதித்தவர் அடையாளத்துக்காக உள்ளே கீறி வைக்கிற குறி. ஒரு சின்னக் கொக்கி, அதன் வாலில் குறுக்கே ஒரு கோடு. அண்ணன் சின்ன வயதில் தன் பந்திலும் பேனாப் பெட்டியிலும், ஒரு தடவை கோபத்தில் சின்னுவின் பொம்மையின் நெற்றியிலும் கீறிய அதே கொக்கி. பேரை மறைத்தவர்கள், ஊரை மறைத்தவர்கள், பித்தளைக்குள் கீறியிருந்ததை மறைக்க மறந்துவிட்டார்கள்.

அப்புறம் மற்றதெல்லாம் தானாகப் புரிந்தது. அண்ணன் பார்த்த வழக்குகளில் மேல்முறையீட்டில் நிற்பது ஒன்றே ஒன்றுதான், கிடங்குக் காவலாளி வழக்கு. கிடங்கு மேலாளரைச் சுட்டுக் கொன்றதாக ஆயுள் தண்டனை. அண்ணனைப் பெரிய ஆளாக்கிய வழக்கு. அவன் வீட்டில் பத்து தடவையாவது அந்தக் கதையைச் சொல்லியிருப்பான். அந்தக் காவலாளி இப்போது சிறுநீரகம் கெட்டுச் சிறை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மேல்முறையீடு நாளைக்கு.

சின்னு எழுதியிருந்தது இதுதான்: அந்தத் தோட்டா ஒன்றாம் எண் துப்பாக்கியிலிருந்து வரவில்லை. அதாவது, காவலாளியுடையதிலிருந்து வரவில்லை.

அண்ணன் படியிறங்கி வந்தான். புதுச் சட்டை. தாடையில் சவரக் கீறல்.

“எப்படி இருக்கேன்?”

“கல்யாண மாப்பிள்ளை கெட்டான் போங்க” என்றாள் அண்ணி.

“நீ சொல்லு சின்னு.”

“நல்லா இருக்க அண்ணா.”

அவன் அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தான். அம்மாவும் அப்பாவும் போனபின் அவளை வளர்த்த கை அது. இவள் படிப்பு முடியட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டவன்.

ஹோட்டலில் கூட்டம் களைகட்டியிருந்தது. இந்தச் சங்கத்துக்காரர்கள் ஒரு மாதிரி. காபிக் கரண்டியைக் கையில் எடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எந்த அச்சில் அடித்தது, எங்கே பிசிறு என்று ஆராய்ந்துவிட்டுத்தான் சர்க்கரையைக் கலக்குவார்கள். ஒருவர் சங்கச் செயலாளரிடம் அவருடைய காரில் யாரோ கீறிய கோட்டைக் காட்டி, “இது சாவி. வலது கைக்காரன். உங்க மேல ரொம்ப நாள் கோபம்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வரவேற்பறை ஓரத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வற்றிப்போன உடம்போடு இன்னொருத்தி, மடியில் ஒரு துணிப்பை. கூட்டத்துக்கு வந்தவர்கள் மாதிரி இல்லை. சின்னு அவர்களைத் தாண்டிப் போனாள்.

செயலாளர் அவளைக் கண்டதும் ஓடிவந்து ஓரமாக இழுத்தார்.

“என்னம்மா, உன்னோடதுக்காகத்தான் காத்திட்டிருக்கேன். மத்த ரெண்டும் என் அலமாரியில தூங்குது. கோர்ட்டு ஆள் போன் மேல போன் போடறான்.”

“தரேன் சார். சாப்பாட்டு நேரத்துக்குள்ள தந்துடறேன்.”

“எழுதியாச்சா, இல்லையா?”

“எழுதியாச்சு.”

“அப்புறம் என்ன, முட்டையா போடப்போகுது? குடுத்துடேன்.”

கொடுத்திருக்கலாம். அந்த நிமிஷம் பையைத் திறந்து எடுத்துக் கொடுத்திருந்தால் இந்தக் கதை வேறு பாதையில் போயிருக்கும். உறைக்குள் கடைசியில் அவள் ஒரு வரி சேர்த்தும் இருந்தாள்: முதல் பரிசோதனை செய்தவர் என் அண்ணன் என்பதைப் பரிசோதனை முடிந்தபின்தான் அறிந்தேன் என்று. ஒளிவுமறைவு எதுவுமில்லை. ஆனால் கூடப் பிறந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், அவன் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து தள்ளிவிடுவதா? மனசு கேட்கவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்ற வழக்கத்தை அவள் அந்த இடத்தில்தான் மீறினாள்.

“ரெண்டு நிமிஷம் அண்ணா” என்று அவனைக் கூட்டத்திலிருந்து பிரித்துப் பின்பக்க மாடிப்படிக்குக் கூட்டிப்போனாள். சலவைக்குப் போகும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஆள் நடமாட்டமில்லை.

“காவலாளி கேசு மறுபரிசோதனைக்குப் போயிருக்கில்ல? அந்த மூணு பேர்ல ஒருத்தி நான்.”

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

“என் கேசுன்னு உனக்கு யாரு சொன்னா?”

“நீதான். தோட்டா வாய்க்குள்ள உன் கொக்கி இருக்கே.”

அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். “என்ன எழுதியிருக்க?”

“கேக்காத.”

“எழுதினது உன் மூஞ்சியிலயே தெரியுது. கோடு கோடா அவ்வளவு தெளிவாப் பொருந்தியிருக்கு. மைக்ராஸ்கோப்புல வெச்சதும் கண்ணாடி பாத்த மாதிரி இருந்துது. நீ என்னத்தைக் கண்ட?”

“நானும் அதைத்தான் கண்டேன். உன் காவலாளி துப்பாக்கில மட்டுமில்ல. கிடங்குக் கம்பெனி காவலாளிங்களுக்குன்னு ஒரே பெட்டியில வாங்கின நாலு துப்பாக்கியிலயும் சுட்டுப் பாத்த தோட்டாவை எனக்கு அனுப்பியிருந்தாங்க. நாலுலயும் அதே கோடு.”

தொழில் தெரிந்தவனுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நமக்குத்தான் விளக்க வேண்டும். பல் உடைந்த சீப்பால் வரிசையாக நாலு தலையை வாரினால், நாலு தலையிலும் ஒரே இடத்தில்தான் இடைவெளி விழும். தொழிற்சாலையில் ஒரே வெட்டுக்கத்தி வரிசையாகச் செதுக்கிய துப்பாக்கிகளும் அப்படித்தான். கத்தியின் பிசிறு அத்தனையிலும் கோடாக விழுந்துவிடும். அந்தக் கோடு தோட்டாவின் அடியில் பதியும். அது கத்தியின் அடையாளம், துப்பாக்கியின் அடையாளமில்லை. சுடும்போது துப்பாக்கியின் ஊசி தோட்டாவின் அடியில் குத்துகிற குழிதான் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் சத்தியம் செய்வான், இதே துப்பாக்கிதான் என்று.

“ஊசி குத்தின குழியைப் பாத்தியா அண்ணா?”

“கோடு அவ்வளவு தெளிவா இருக்கறப்ப குழியை எதுக்குடி பாக்கணும்?”

“அங்கதான் வித்தியாசம் இருக்கு. காவலாளியோட துப்பாக்கியில குழி ஒட்டவே இல்லை. நாலாவதுல ஒட்டுது.”

“நாலாவதா?”

“நாலாம் நம்பர். அது யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. அந்தக் கம்பெனியில இன்னிக்கும் ஒருத்தன் அதை இடுப்புல சொருகிட்டு வேலைக்குப் போறான்.”

அண்ணன் சலவை மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். புதுச் சட்டை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தான்.

“என்கிட்ட ஒரே ஒரு துப்பாக்கிதான் கொண்டுவந்து குடுத்தாங்க சின்னு.”

“மத்ததையும் கேட்டிருக்கலாமே.”

“கேட்டிருக்கலாம்.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “தோணலை. சத்தியமாத் தோணலை.”

அதை அவள் நம்பினாள். இப்போதும் நம்புகிறாள். அது தெரியாமல் செய்த பிழைதான்.

அவன் நிமிர்ந்தான். குரல் மாறியிருந்தது.

“குடு. குடுக்க வேணாம்னு நான் சொல்லலை. அவ்வளவு கீழ நான் இறங்க மாட்டேன். ஆனா இப்பக் குடுத்தா, செயலாளர் உறையைப் பிரிச்ச அஞ்சாவது நிமிஷம் ஹால் முழுக்கப் பரவிடும். என்னை எலெக்‌ஷன்ல தோக்கடிக்கட்டும், பரவால்ல. உங்க அண்ணி அங்க முன் வரிசையில உக்காந்திருக்கா. அவ எதிர்ல என் துணியை உருவிடாத. ஓட்டு முடியட்டும். முடிஞ்ச கையோட நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன், நீ குடு. நான் மேடையிலயே பதவி வேணாம்னுடறேன். கோர்ட்டு நாளைக்குத்தானே? மத்தியானம் குடுத்தா என்ன, சாயங்காலம் குடுத்தா என்ன?”

“அண்ணா…”

“உன்கிட்ட இதுவரைக்கும் நான் ஏதாவது கேட்டிருக்கேனா?”

கேட்டதில்லை. அதுதான் உண்மை. கொடுத்தே பழகிய கை, முதல் தடவையாக நீட்டிக்கொண்டு நின்றது. நாளைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் போதும் என்று சின்னு கணக்குப் போட்டாள். கணக்கில் தப்பு எதுவும் தெரியவில்லை.

“ஓட்டு முடிஞ்சதும்” என்றாள்.

“முடிஞ்சதும்” என்றான் அவன்.

மத்தியானம் முழுக்க யார் யாரோ மேடையேறிப் பேசினார்கள். திரையில் உடைந்த பூட்டுகள், வெட்டுப்பட்ட கம்பிகள், பெரிதாக்கிய கீறல்கள் ஓடின. சின்னு ஒன்றையும் பார்க்கவில்லை. செயலாளர் இரண்டு தடவை தூரத்திலிருந்து கையால் சதுரம் வரைந்து, உறை எங்கே என்று சைகை செய்தார். அவள் பொறுங்கள் என்று கை காட்டினாள். அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“எனக்குத்தான் படபடன்னு அடிச்சிக்குது. உனக்கு எதுக்குடி கை இப்படி ஜில்லுன்னு இருக்கு?”

“ஏசி அண்ணி.”

ஓட்டுச் சீட்டு வந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சின்னு ரொம்ப நேரம் யோசித்தாள். அப்புறம் அண்ணன் பேருக்கு நேரே குறி போட்டாள். ஏன் போட்டாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. எப்படியும் வேண்டாமென்று சொல்லப்போகிறவன்தானே, ஒரு நிமிஷமாவது ஜெயிக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். ரத்த பாசம் அப்படித்தான், வெட்கமில்லாதது.

அண்ணன் ஜெயித்தான். கைதட்டல் காதைப் பிளந்தது. அண்ணி அழுதே விட்டாள். அவன் மேடையேறி, ஒத்திகை பார்த்த பேச்சை ஆரம்பித்தான். “அன்பு நண்பர்களே” என்றான். நன்றி சொன்னான். சங்கத்தின் மானம் நம் கண்ணில் இருக்கிறது என்றான். பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்றான்.

ஏற்றுக்கொள்கிறேனா?

சின்னு எழுந்து நின்றுவிட்டாள். மேடையிலிருந்து அவன் அவளைப் பார்க்கவில்லை. மற்ற எல்லாப் பக்கமும் பார்த்தான்.

அவள் நேரே செயலாளரிடம் போனாள். பையைத் திறந்து உறையை நீட்டினாள்.

“ஐயையோ, இப்ப எதுக்கும்மா இது?” என்றார் அவர். “வேலையே இல்லாமப் போச்சே. இப்பத்தான் அந்த வக்கீலம்மா வந்து சொல்லிட்டுப் போறாங்க. மேல்முறையீட்டையே வாபஸ் வாங்கிட்டாங்களாம். மூணு உறையையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பணும்.”

“வாபஸா? ஏன்?”

“எனக்கென்னம்மா தெரியும்? கீழதான் இருப்பாங்க, கேட்டுக்கோ. இனிமே பேசலாம், தடையில்லை.”

படிகளை எப்படி இறங்கினாள் என்று தெரியாது. கறுப்புக் கோட்டுப் பெண் வாசலில் தன் காரின் முன்கதவைத் திறந்துகொண்டிருந்தார். காலையில் பார்த்த அதே பெண்.

“மேடம், நான் அந்த மூணாவது ஆய்வாளர்.”

வக்கீலம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பில் உயிரே இல்லை.

“இப்ப வந்தீங்களா? காலையிலேர்ந்து அந்த நாற்காலியைத் தேய்ச்சிட்டு உக்காந்திருந்தேன். உங்ககிட்டப் பேசக் கூடாதுன்னு சட்டம். யாருன்னே தெரியாது, தெரிஞ்சாத்தானே பேசறதுக்கு.”

“ஏன் வாபஸ் வாங்கினீங்க? கோர்ட்டு நாளைக்குத்தானே?”

“கோர்ட்டு நாளைக்குத்தான். ஆனா அரசு வக்கீல் ஒரு பேரம் பேசினார். குற்றத்தை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டு, மேல்முறையீட்டை விட்டா, உடம்பைக் காரணம் காட்டி அவரை வீட்டுக்கு விட்டுடறது. இன்னிக்குச் சாயங்காலம் ஆபீஸ் மூடறதுக்குள்ள சொல்லணும். கையெழுத்தாகற வரைக்கும் வெளிய மூச்சு விடக் கூடாது. மூச்சு விட்டா பேரம் ரத்து. உங்க சங்கத்து முடிவு எங்களுக்குச் சாதகமா வந்தா கையெழுத்துப் போட வேணாம்னு இருந்தோம். மத்தியானம் வரும்னாங்க, வரலை. மூணாவது ஆள் இழுக்கறாங்கன்னா, முடிவு பாதகமாத்தான் இருக்கும்னு எனக்குத் தோணிச்சு. மத்தியானத்துக்கு அப்புறம் ஜெயில் ஆஸ்பத்திரிக்கு ஓடி, அவர்கிட்ட அதைத்தான் சொன்னேன். ‘நான் சுடலைம்மா’ன்னு அழுதுட்டே, நான்தான் சுட்டேன்னு கையெழுத்துப் போட்டார்.”

சின்னு பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தக் கெடு… வேற யாருக்கெல்லாம் தெரியும்?”

“எங்களுக்கு. அரசு வக்கீலுக்கு. அப்புறம் உங்க புதுத் தலைவருக்கு.”

“அவருக்கா? நிச்சயமாத் தெரியுமா?”

“நேத்து அரசு வக்கீல் ரூம்ல நானும் இருந்தேன். ஸ்பீக்கர்ல போட்டு அவர்கிட்ட கேட்டாங்க, உங்க முடிவுல உறுதியா இருக்கீங்களா, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் கெடு குடுக்கறோம்னு. உறுதியா இருக்கேன்னார். ஏங்க, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?”

“அவர் என் அண்ணன்” என்றாள் சின்னு.

வக்கீலம்மா திறந்த கார்க் கதவை மறுபடி சாத்தினார்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணன்தான், கையில் பூங்கொத்தோடு. கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. சின்னு அவனை நோக்கி நாலு எட்டு வைத்தாள். வக்கீலம்மாவுக்குக் கேட்காத தூரத்தில் நின்றாள்.

“கெடு உனக்குத் தெரியும்.”

“தெரியும்” என்றான் அவன்.

“ஓட்டுக்காகன்னுதானே என்னை நிறுத்தி வெச்ச? அண்ணி எதிர்ல அவமானம்னியே. அதெல்லாம் பொய்யா அண்ணா?”

“பொய்யில்ல. அதுவும்தான் இருந்துச்சு.” குரலைத் தாழ்த்தினான். “யோசிச்சுப் பாரு. அந்த ஆள் இன்னும் எத்தனை நாள் இருப்பான்? கோர்ட்டுல ஜெயிச்சாலும் வெளிய வர மாசக்கணக்கா ஆகும். இப்ப நாளைக்கு வீட்டுக்குப் போறான். அவனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. அரசு வக்கீல் போன்ல சொன்னார். அவனே ஒத்துக்கிட்டானே, அப்புறம் யாரு என்ன சொல்ல முடியும்?”

அவனே ஒத்துக்கிட்டானே. அதைச் சொல்லும்போது அண்ணன் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைச் சின்னு பார்த்தாள். இரண்டு வாரமாகத் தூக்கமில்லாதவனுக்கு இன்றைக்குத் தூக்கம் வந்துவிடும். அதைப் பார்த்ததில்தான் அவளுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. அவன் செய்த பிழையைக்கூட மன்னித்துவிடத் தயாராக இருந்தாள். இந்த நிம்மதியை மன்னிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

“நாலாம் நம்பர்?” என்றாள்.

“என்ன?”

“சுட்டவன் அண்ணா. அவனும் இன்னிக்கு நிம்மதியாத் தூங்குவான்.”

“சின்னு, வீட்டுக்கு வா. வீட்ல பேசிக்கலாம். அண்ணி தேடறா.”

அவன் கை அவள் தோளுக்கு வந்தது. அவள் விலகிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கையிலிருந்து அவள் விலகியது இதுதான் முதல் தடவை. இருவருக்குமே அது தெரிந்தது.

அவள் திரும்பி வக்கீலம்மாவிடம் வேகமாகப் போனாள்.

“மேடம், நான் எழுதினது என் கையில இருக்கு. அவர் சுடலை. அந்தத் தோட்டா அவர் துப்பாக்கியோடது இல்லை. எந்தத் துப்பாக்கின்னுகூட என்னால காட்ட முடியும். கையெழுத்துப் போட்டதை மாத்த முடியாதா? நாளைக்குக் கோர்ட்டுல நானே வந்து நிக்கறேன். ஏன் தாமதம் பண்ணினேன்னும் சொல்றேன். வேலை போனாலும் போகட்டும்.”

வக்கீலம்மாவின் முகத்தில் ரத்தம் ஏறியது. “இதை மத்தியானமே…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். “நீதிபதி கையெழுத்து நாளைக்குக் காலையிலதான். அதுக்குள்ள போனா நிறுத்தலாம். நிறுத்த முடியும். ஆனா நிறுத்தினா…”

“நிறுத்தினா?”

பதில் வக்கீலம்மாவிடமிருந்து வரவில்லை. காரின் பின்கதவு திறந்தது. துணிப்பையோடு காலையில் உட்கார்ந்திருந்த வற்றிய உடம்புக்காரி இறங்கினாள். காவலாளியின் மனைவி. கண்ணாடி இறக்கியே இருந்தது, எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

“அவர் சுடலைன்னு எனக்குத் தெரியும்மா” என்றாள். “கல்யாணம் பண்ணின நாள்லேர்ந்து தெரியும். எனக்கு நீங்க எழுதிக் காட்ட வேணாம்.”

“அம்மா, நான்…”

“நாளைக்கு அவரை விடறாங்க. படுக்கை போட்டு வெச்சிருக்கேன். சட்டை துவைச்சுக் கொண்டாந்திருக்கேன், பாருங்க.” துணிப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே நீலச் சட்டை ஒன்று மடித்து இருந்தது. “வக்கீலம்மா சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். நீங்க இதைக் குடுத்தீங்கன்னா பேரம் ரத்தாயிடும். மறுபடி கேசு நடக்கும். மறுபடி ஆஸ்பத்திரிக் கட்டில்ல கையில விலங்கு. அவ்வளவு நாள் அவர் இருக்க மாட்டார்.”

சின்னுவுக்குப் பின்னால் சற்றுத் தூரத்தில் அண்ணன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவன் நகரவில்லை.

அந்தப் பெண் கிட்டே வந்தாள். சின்னுவின் கையிலிருந்த உறையைப் பிடுங்கவில்லை. அதைப் பிடித்திருந்த கையை, தன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். வேலை செய்து காய்த்துப்போன கைகள்.

“மத்தியானமே குடுத்திருந்தா உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்” என்றாள். “இப்ப வேணாம்மா. யார்கிட்டயும் குடுத்துடாதீங்க. அவர் கொலைகாரனாவே வீட்டுக்கு வரட்டும்.”